கேன்டீன் மேசையில் எழுதின வாழ்த்து

வாழ்த்து அட்டையை இன்னும் தபாலில் அனுப்பணுமா, இந்தக் காலத்தில் அதுக்கு அர்த்தம் இருக்கான்னு யாராவது கேட்டால், அதை எழுதினவங்களைத்தான் கேக்கணும். நான் எழுதியிருக்கேன். கட்டுக் கட்டா எழுதியிருக்கேன். யாருக்குன்னு தெரியாது. என்ன எழுதினேன்னும் ரொம்ப நாள் தெரியாது.

எனக்குன்னு ஒரு அட்டை இதுவரைக்கும் வந்ததில்லை. எங்க வீட்டுக்குத் தபாலில் வந்ததெல்லாம் நோட்டீஸ். நிலத்தை எடுக்கப்போறோம்னு ஒண்ணு வந்தது. எடுத்தாச்சுன்னு ஒண்ணு வந்தது. அதுக்கப்புறம் தபால்காரர் வண்டி தெருவில் திரும்பினாலே என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியா எழுந்து போயிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவளைத்தான் வருஷா வருஷம் வாழ்த்து எழுத உக்கார வெச்சாங்க.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. கார் கதவைச் சுத்தி ஒட்டுற ரப்பர் பட்டை செய்யுது. நான் பேக்கிங். கான்ட்ராக்ட். பட்டையைச் சுருட்டி, கவரில் போட்டு, பெட்டியில் அடுக்கி, டேப் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி விடுவோம். கன்டெய்னரில் ஏறிக் கப்பலுக்குப் போகும். வாங்குறவன் வெளிநாட்டுக்காரன். அவனை நாங்க யாரும் பார்த்ததில்லை. ஆனா எங்களைத் திட்டுறதெல்லாம் அவன் பேரில்தான். கஸ்டமர் பார்த்தா என்ன சொல்வார். கஸ்டமருக்கு இது பிடிக்காது. கஸ்டமர் கேட்டா யார் பதில் சொல்றது. கோயில்ல சாமி பேரைக்கூட ஒரு நாளைக்கு இத்தனை தரம் சொல்லமாட்டாங்க.

மழை விட்டதும் ஹெச்.ஆர். மேடம் பெட்டியோட கேன்டீனுக்கு வருவாங்க. பெட்டி நிறைய அட்டை. கெட்டி அட்டை, ஓரத்தில் தங்கக் கலர், முன்பக்கம் யானை. ரப்பர் பட்டைக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. ஒரகடத்தில் யானையை யாரும் பார்த்ததுகூட இல்லை. லாரியைத்தான் பார்க்கலாம்.

அதே கம்பெனியில் எங்களுக்குக் காகிதம் கிடையாது. சம்பளச் சீட்டு நின்னுபோச்சு, போனில் பார்த்துக்கணும். லீவு கேட்கிற பாரம் நின்னுபோச்சு, அதுவும் போனில்தான் அமுக்கணும். பாத்ரூமில் கை துடைக்கிற பேப்பரையும் எடுத்துட்டாங்க. எடுத்த இடத்தில் ஒரு மரத்தின் படம் போட்டு, காகிதத்தை மிச்சம் பண்ணி மரத்தைக் காப்பாத்துவோம்னு ஒட்டினாங்க. ஈரக் கையோட அதைப் படிச்சிட்டு வரணும். எங்ககிட்ட மிச்சம் பிடிச்ச மரத்தையெல்லாம் யானை அட்டையா அடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாங்கன்னு பேக்கிங்கில் பேசிக்குவோம்.

அட்டையில் அச்சடிச்சே அனுப்பலாமேன்னு ஒரு வருஷம் யாரோ கேட்டாங்க. மேடம் சொன்னாங்க, அச்சடிச்சா அவங்க குப்பையில் போட்டுடுவாங்களாம். தொழிலாளி கையால எழுதினா மதிப்பாம். சரி, கையால எழுதினா ரெண்டு நாள் மேசை மேல நிக்கும், அப்புறம் குப்பைக்குப் போகும்னு நான் நினைச்சுக்கிட்டேன். சொல்லலை.

யார் எழுதறது? ஆபீஸில் இருக்கிறவங்களுக்கு நேரம் இல்லை. அவங்களுக்குத்தான் எழுதத் தெரியும், அவங்களுக்குத்தான் நேரம் இல்லை. பர்மனென்ட் ஆளுங்களைக் கேட்டாங்க. அது எங்க வேலையில் வராதுன்னு எழுந்து போயிட்டாங்க. மிச்சம் இருந்தது நாங்க. எட்டாவது, பத்தாவது, அதுவும் முடிக்காதது. சாப்பாட்டு நேரத்தில் பாதியைப் பிடிச்சிக்கிட்டு எங்களை மேசையில் உக்கார வெச்சாங்க.

மேசை மேல ஒரு மாதிரித் தாளை டேப் போட்டு ஒட்டியிருக்கும். அதில் இங்கிலீஷில் நாலு வரி. அதைப் பார்த்து எழுதணும். பெட்டி மேல ஸ்டென்சில் வெச்சு மை அடிக்கிற மாதிரிதான் நான் எழுதுவேன். கோடு எங்க வளையுதோ அங்க வளைக்கணும். எங்க நிக்குதோ அங்க நிறுத்தணும். நல்லா வருதுன்னு மேடம் என்னைப் பாராட்டினாங்க. என்ன எழுதியிருக்கேன்னு அவங்களும் சொல்லலை, நானும் கேட்கலை.

ஒரு வருஷம் டிப்ளமோ படிச்ச ஒரு பொண்ணு டிரெயினிங்குக்கு வந்திருந்தா. அவ படிச்சுப் பார்த்துட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னா. இந்த விடுமுறையை உங்கள் குடும்பத்தோடு சந்தோஷமாகக் கழியுங்கள்னு அர்த்தமாம். மேசையில் இருந்தவங்க எல்லாரும் பேனாவை வெச்சிட்டோம். சிரிப்பு வந்தது. அடக்க முடியலை.

ஏன்னா விஷயம் இப்படி. வெளிநாட்டுக்காரன் வருஷக் கடைசியில் பேக்டரியை மூடிட்டு வீட்டுக்குப் போயிடுவான். திரும்பி வந்து திறக்கிறப்ப அவனுக்கு எல்லா சரக்கும் ஒரே நேரத்தில் வேணும். அது எங்களுக்குப் பொங்கல் வாரம். பர்மனென்ட் ஆளுங்களுக்குப் பொங்கல் லீவு. எங்களுக்குக் கன்டெய்னர். அவன் குடும்பத்தோட சந்தோஷமா இருக்கட்டும்னு நாங்க கைப்பட எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவோம். அவன் சந்தோஷமா இருந்துட்டு வந்து எங்க பொங்கலைப் பிடுங்குவான். அவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா பாவம் என்ன பண்ணியிருப்பானோ. அந்தக் கதைக்குத்தான் வர்றேன்.

பேக்கிங்கில் என் பக்கத்தில் நின்னு டேப் அடிச்சவன் தூத்துக்குடிப் பக்கம். கிராமம். வல்லம் வடகாலில் ஹாஸ்டல்ல இருந்தான். ஒரே ரூமில் கட்டில் மேல கட்டில் போட்டு எல்லாரும் தெக்கத்திப் பசங்க. எனக்கு அவன் தம்பி வயசு. என்னை யக்கான்னுதான் கூப்பிடுவான். நானும் பேசமாட்டேன், அவனும் பேசமாட்டான். டேப் சத்தத்துக்கு நடுவில் அப்பப்ப ஒரு வார்த்தை. அப்படி ஒவ்வொரு வார்த்தையா சேர்ந்துதான் அவன் கதை எனக்குத் தெரிஞ்சது.

ஆவணியில் கல்யாணம் ஆனது. பொண்டாட்டி அவன் அம்மாவோட ஊரில் இருந்தா. தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எல்லாம் தயார் பண்ணிக் காத்துக்கிட்டு இருந்தாங்க. இங்க ஆடிட் வந்தது. யாரையும் விடலை. இவன் போகலை. பொண்ணு மட்டும் போய் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்தா. ஊர் முழுக்கக் கேட்டுச்சாம், மாப்பிள்ளை எங்கன்னு.

அடுத்து பொங்கல். அவங்க பக்கம் கல்யாணம் ஆன முதல் பொங்கலுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் பொங்கப்படி கொண்டு வருவாங்க. பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலைன்னு வண்டியில் ஏத்திக்கிட்டு சொந்தக்காரங்களோட வருவாங்க. வாசலில் நின்னு வாங்க மாப்பிள்ளை இருக்கணும். மாமனார் போனில் அதிகம் பேசலை. பொங்கலுக்கும் நீங்க இல்லைன்னா வந்த வண்டியிலேயே என் பிள்ளையை ஏத்திட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டு வெச்சிட்டார். அவர் சொன்னா செய்யற ஆளாம். மூத்த மருமகன்கிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டியிருக்கார். அந்தப் பொண்ணு இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கு.

இவன் முன்கூட்டியே லீவு கேட்டான். போனில் அமுக்கினான். சிவப்பா வந்தது. சூப்பர்வைசர்கிட்ட நேரில் போய் நின்னான். சூப்பர்வைசர் படப்பைக்காரர். வாய்க்காரர். லைன் முழுக்கக் கேக்கிற மாதிரி சொன்னார்.

"இன்னாபா, பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பொங்க வெச்சிட்டுப் போப்போறாங்க. நீ போய் இன்னா அடுப்பு ஊதப் போறியா? கன்டெய்னர் போனதும் போ."

எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். திரும்பி வந்து டேப் அடிச்சான். டேப் கோணலா போச்சு. நான் பிரிச்சு மறுபடியும் அடிச்சேன்.

அந்த வருஷம் மேடம் புதுசா ஒரு யோசனையோட வந்தாங்க. இங்கிலீஷ் நாலு வரிக்குக் கீழ இடம் விட்டிருக்கு, அதில் உங்க தாய்மொழியில் மனசில் தோணுற வாழ்த்தை நீங்களே எழுதுங்கன்னாங்க. கஸ்டமருக்கு நம்ம எழுத்து பார்க்க அழகா இருக்குமாம். படம் மாதிரி இருக்குமாம். ஆக எங்க தமிழும் யானைக்குப் பக்கத்தில் இன்னொரு படம்.

சொல்லிட்டு மேடம் கவர் எண்ணப் போயிட்டாங்க. என்ன எழுதறோம்னு பார்க்க ஆள் இல்லை. பார்த்துதான் என்ன? வாங்குறவனுக்குத் தமிழ் தெரியாது. அனுப்புறவங்களுக்கு அக்கறை இல்லை.

எனக்கு ஒண்ணும் தோணலை. நல்லா இருங்கன்னு எழுதினேன். எல்லா அட்டையிலும் அதேதான். எதிரில் இருந்தவ கொஞ்ச நேரம் பேனாவைக் கடிச்சிட்டு அவ பசங்க பேரையெல்லாம் எழுதினா. இன்னொருத்தி கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லைன்னு எழுதி எல்லாருக்கும் காட்டினா. மேசையே குலுங்கிச்சு. யாருக்கு வாழ்த்தறோம்னு தெரியாம எழுதச் சொன்னா இப்படித்தான் வரும்.

அவன் சிரிக்கலை. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தான். வாழ்த்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நான் கேட்டேன்.

"இன்னாடா எழுதிக்கினு கீற?"

"வாழ்த்துதாங்க்கா. எழுதச் சொன்னாவல்லா."

வாங்கிப் பார்த்தேன். குண்டு குண்டா நல்ல எழுத்து. ஐயா, எனக்குக் கல்யாணம் ஆகி இது முதல் பொங்கல். தீபாவளிக்கும் போகவில்லை. பொங்கலுக்கு லீவு கேட்டேன், உங்கள் ஆர்டர் இருக்கிறது என்று தரவில்லை. நீங்கள் சரக்கைக் கொஞ்சம் பிந்தி வாங்கிக்கொண்டால் நான் ஊருக்குப் போய்விடுவேன். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். பொங்கல் வாழ்த்துக்கள்.

படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அவனுக்கு வாசிக்கவா தெரியப் போவுது? ஆருகிட்டயாவது சொல்லணும்லாக்கா."

கவரில் போட்டு ஒட்டினோம். பெட்டியில் போட்டோம். தபாலுக்குப் போச்சு. அவ்வளவுதான்னு நினைச்சேன்.

தை பிறக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி சாப்பாட்டு நேரத்தில் பிளான்ட் ஹெட் கேன்டீனுக்கு வந்தார். அவர் வடக்க இருந்து வந்தவர். தமிழ் தெரியாது. எப்பவும் சிரிச்ச முகம். கேன்டீனில் ஒரு பெரிய டிவி இருக்கு. ஹெல்மெட் போடு, கை விடாதேன்னு படம் ஓடிக்கிட்டு இருக்கும். அதை நிறுத்தச் சொன்னார். கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு போட்டோ வந்திருக்கு, நம்ம அட்டை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு மேடம் தமிழில் சொன்னாங்க. பிளான்ட் ஹெட்டே கையால பட்டனை அமுக்கினார்.

டிவி முழுக்க ஒரு வெளிநாட்டுக்காரன். நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சான். சிகப்பு ஸ்வெட்டர். பல்லெல்லாம் தெரிய சிரிச்சிக்கிட்டு ஒரு அட்டையை விரிச்சு நெஞ்சுக்கு நேரா பிடிச்சிருந்தான். அங்க எல்லா அட்டையையும் பார்த்திருக்காங்க. எது நிறைய எழுதியிருக்கோ அது அன்பா எழுதினதுன்னு அதை எடுத்திருக்காங்க.

குண்டு எழுத்து. கடைசி மேசை வரைக்கும் தெரிஞ்சது.

கேன்டீனில் தட்டுச் சத்தம் நின்னுபோச்சு. ஒவ்வொருத்தரா படிச்சாங்க. முதலில் ஒரு மூலையில் ஒருத்தன் இருமினான். அப்புறம் ஒரு சிரிப்பு. அப்புறம் எல்லா மேசையிலும் தலையைக் குனிஞ்சிக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குது. சூப்பர்வைசர் சோத்தில் கையை வெச்சபடியே படிச்சார். ஆர்டர்னு வர்ற வரியில் அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன்.

பிளான்ட் ஹெட்டுக்கு ஒரே சந்தோஷம். கை தட்டச் சொன்னார். தட்டினோம். அப்படி ஒரு கைதட்டல் அந்தக் கேன்டீனில் அதுக்கு முன்னாடி விழுந்ததில்லை. நிறுத்தவே இல்லை. சமையல்காரங்களும் வெளியில் வந்து தட்டினாங்க. அவர் மேடத்துகிட்ட என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். மேடம் டிவியைப் பார்த்தாங்க, எங்களைப் பார்த்தாங்க. இங்கிலீஷில் சின்னதா ஏதோ சொன்னாங்க. ஃபேமிலின்னு ஒரு வார்த்தை, ஹாப்பின்னு ஒரு வார்த்தை எங்க காதில் விழுந்தது. அவர் நெஞ்சில் கை வெச்சுக்கிட்டார். எழுதினது யாருன்னு கேட்டார்.

யாரும் கை காட்டலை. அவனா எழுந்து நின்னான். அவர் போய் அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். போட்டோ எடுத்தாங்க. அவன் கையில் குழம்பு இருந்தது.

சாயங்காலம் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அவனை, சூப்பர்வைசரை, அந்த மேசையில் வயசானவள்னு என்னை. மேடம் குரலை ஏத்தலை. இது மேல தெரிஞ்சா என் வேலை போயிடும், தெரியுமான்னு கேட்டாங்க. சூப்பர்வைசர்தான் பேசினார். இவனுக்கு லீவு குடுத்தா நாளைக்கு லைன்ல இருக்கிறவன் எல்லாம் கஸ்டமருக்குக் கார்டு எழுதுவான்னார். மேடம் என் பக்கம் திரும்பினாங்க. பக்கத்தில்தானே இருந்தீங்க, படிக்கலையான்னு கேட்டாங்க.

"படிச்சேன் மேடம். தப்பா ஒண்ணும் இல்லையே. வாழ்த்துன்னு முடிச்சிருக்கான்."

அவங்களுக்கு என் மேல கோபம் வந்திருக்கணும். வரலை. களைச்சுப் போயிருந்தாங்க. அவனை வேலையை விட்டு அனுப்பலாம்னா பிளான்ட் ஹெட் கை குலுக்கியாச்சு, போட்டோ வெளிநாட்டுக்குப் போயாச்சு. லீவு குடுக்கலாம்னா சூப்பர்வைசர் சம்மதிக்கலை. இப்படி முழிச்சிக்கிட்டு இருக்கிறப்பத்தான் கதவைத் தட்டிட்டு பிளான்ட் ஹெட்டே உள்ள வந்தார்.

அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. மேடம் அதைத் தமிழில் சொன்னாங்க, யாரையும் பார்க்காம சொன்னாங்க. கஸ்டமருக்குப் பொங்கல்னா என்னன்னு பார்க்க ஆசையாம். பொங்கலன்னிக்குக் கேட் பக்கத்தில் பொங்கல் வெச்சு வீடியோவில் காட்டப் போறாங்களாம். வெளிநாட்டுக்காரங்க அங்க இருந்து பார்ப்பாங்களாம். அட்டை எழுதினவன் வேட்டி கட்டிக்கிட்டு நடுவில் நிக்கணுமாம். அவன் கண்டிப்பா இருக்கணுமாம்.

அதாவது, லீவு குடுக்கலைன்னு எழுதினான். எழுத்து அழகா இருக்குன்னு சொல்லி, இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைச்சிட்டாங்க. வாழ்த்து அட்டையால உலகத்தில் யாருக்கு என்ன நல்லது நடந்திருக்குன்னு கேட்டா, நான் இதைத்தான் சொல்வேன்.

அவன் ஊரில் அரிசி, பானையெல்லாம் வாங்கியாச்சு. பொண்டாட்டி தினம் போன் பண்ணி டிக்கெட் போட்டாச்சான்னு கேட்டா. போட்டாச்சுன்னு இவன் சொல்லிக்கிட்டு இருந்தான். நான் பக்கத்தில் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

போகி அன்னிக்கு முதல் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுக்கு நின்னோம். எங்கேயோ டயர் எரிச்சிருந்தாங்க, கண் எரிஞ்சது. அவன் தோளில் ஒரு பை.

"போவட்டுமாக்கா?"

"எங்கிட்ட கேக்காத. போறதுன்னா கேக்காம போ."

அவன் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்னான். வண்டலூர் போற பஸ் வந்தது. படியில் தொத்தி ஏறினான். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்க இருக்கிற கூட்டத்தில் இடம் பிடிச்சு, நின்னுக்கிட்டே ஊருக்குப் போயிருக்கான்.

பொங்கலன்னிக்கு விடிஞ்சதும் எங்களை வரச் சொன்னாங்க. கேட் பக்கத்தில் மூணு கல்லு வெச்சு அடுப்பு. பேக்டரிக்குள்ள நெருப்பு வைக்கிறதால சேஃப்டி ஆபீசர் பர்மிட் போட்டாத்தான் பத்த வைக்கலாம்னார். அவர் கையெழுத்து போட வர்ற வரைக்கும் பானையைச் சுத்தி நின்னோம். அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தீயணைப்பு சிலிண்டர், அந்தப் பக்கம் ஒண்ணு. நான் ஹெல்மெட் போட்டுக்கிட்டு பால் ஊத்தினேன். என் வீட்டில் அன்னிக்கு என் வீட்டுக்காரர் பொங்கினார். அடிப்பிடிச்சுப்போச்சு.

அவன் வரலைன்னு தெரிஞ்சதும் சூப்பர்வைசர் கேட்டுக்கும் பேக்கிங்குக்கும் நடந்தார். ஹாஸ்டலுக்கு ஆள் அனுப்பினார். போன் அடிச்சார். மேடம் ஒரு முடிவு பண்ணினாங்க. லோடிங்கில் ஒடிசாக்காரன் ஒருத்தன் இருந்தான். அதே உயரம், அதே வயசு. அவனைக் கூப்பிட்டு வேட்டியைக் குடுத்தாங்க. அவனுக்குக் கட்டத் தெரியலை. நான்தான் பெல்ட்டை இறுக்கி மாட்டி விட்டேன். அவன் பானையைக் காட்டி, தீதீ, இது என்னன்னு கேட்டான். அக்காவை அவன் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவாங்க. சோறுன்னேன். தலையாட்டினான்.

போனைக் கம்பியில் மாட்டி வீடியோவைப் போட்டாங்க. சிகப்பு ஸ்வெட்டர் மனுஷன் வந்தான். பின்னாடி இன்னும் சில பேர். ஒடிசாக்காரன் கையாட்டினான். அவங்களும் கையாட்டினாங்க. அட்டைக்கு நன்றின்னு அவனைப் பார்த்துச் சொன்னாங்களாம். அவனும் நன்றின்னான். பால் பொங்கினப்ப நாங்க சத்தம் போட்டோம். அங்கேயும் சத்தம் போட்டாங்க. பிளான்ட் ஹெட்டும் சத்தம் போட்டார். எழுதினவன் யாரு, நிக்கிறவன் யாருன்னு அந்த ஊர்லயும் தெரியலை, இந்த ஊர்லயும் தெரியலை. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

வீடியோ முடிஞ்சதும் கன்டெய்னருக்குப் போனோம். மத்தியானம் என் போனில் ஒரு படம் வந்தது. அவன் வாசல். தரையில் பானைங்க, கரும்பு, மஞ்சள் குலை. வேட்டி கட்டிக்கிட்டு அவன் நிக்கிறான். பக்கத்தில் பொண்டாட்டி. ஓரமா முறுக்கு மீசையோட ஒருத்தர், சிரிக்கவே இல்லை. மாமனாரா இருக்கணும். நான் பதில் போடலை. டேப் அடிக்க ஆள் இல்லாம நானே அடிச்சிக்கிட்டு இருந்தேன்.

காணும் பொங்கல் கழிஞ்சு அவன் வந்தான். கேட்டில் கார்டைத் தேய்ச்சான். சிவப்பு. மறுபடியும் தேய்ச்சான். சிவப்பு. செக்யூரிட்டி, உன் பேரு எடுத்துட்டாங்கபான்னார். கை குலுக்கினவர் காரில் உள்ள போனார். இவனைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலை. தெரியாமலும் இருந்திருக்கலாம். அவருக்கு அட்டை எழுதினவன்னா வேட்டியில் நின்னவன்தான்.

வேலை போனதுக்கு அவன் அலட்டிக்கலை. இந்த ரோட்டில் ஒரு கேட் மூடினா எதிரில் இன்னொரு கேட் இருக்கு. அதே கான்ட்ராக்டர் ஒரு வாரத்தில் அவனை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் சேர்த்து விட்டார். அதே டேப், அதே பெட்டி.

அவனுக்குப் பயமெல்லாம் மாமனார்கிட்டதான். லீவு எப்படிக் கிடைச்சதுன்னு அவர் பொங்கலன்னிக்கே கேட்டிருக்கார். கேட்காம வந்தேன்னு இவன் சொல்லியிருக்கான். அவர் வெத்தலை போட்டிருக்கார். கிளம்புறப்ப, இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன், நீங்க அங்க ஒத்தையில, பிள்ளை இங்க ஒத்தையிலன்னா கூட்டிட்டுப் போறது போறதுதான்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வண்டியில் ஏத்தலை. தள்ளி வெச்சிருக்கார், அவ்வளவுதான்.

எங்க தெருவில் ஒரு ரூம் காலியாச்சு. ஒத்தை ரூம், சின்னச் சமையல் மேடை, தண்ணி நல்லா வரும். நான் வீட்டுக்காரம்மாகிட்ட பேசி எடுத்துக் குடுத்தேன். மாசி பிறக்கிறதுக்குள்ள அவளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். பொங்கப்படியில் வந்த பானைங்களே பாதிச் சாமான்.

ஒல்லியா, உயரமா ஒரு பொண்ணு. வந்த அன்னிக்கே இடுப்பில் சேலையைச் செருகிக்கிட்டு ரூமைக் கழுவினா. நான் சோறு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். மூணு பேரும் தரையில் உக்கார்ந்து சாப்பிட்டோம். அப்பதான் அட்டை விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. முழுக்கச் சொன்னேன். யானை, ஸ்வெட்டர் மனுஷன், கைதட்டல், எல்லாம். அவ சிரிப்பான்னு நினைச்சேன்.

அவ சிரிக்கலை. சோத்தைப் பிசைஞ்சிக்கிட்டே அவனைப் பார்த்தா.

"இத எங்க அப்பாட்ட ஒரு போனப் போட்டுச் சொல்லிருக்கலாம்லா. மொகம் தெரியாதவனுக்கு இம்புட்டு எழுதத் தெரிஞ்சிருக்கு. எங்க அப்பாட்ட சரி மாமா, சரி மாமாங்கதத் தவிர இவரு வாயில ஒண்ணும் வந்ததில்ல."

அவன் தலையைத் தூக்கலை. அவ சொன்னதில் தப்பு இல்லை. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எழுதிப் போட்டா அவன் திருப்பிக் கேக்கமாட்டான், முறைக்கமாட்டான். அதுதான் அட்டையில் இருக்கிற ஒரே சௌகரியம்.

கையைக் கழுவிட்டு வந்து அவ போனை எடுத்து அமுக்கினா. மணி அடிக்கிறது எனக்கே கேட்டது. அவன் கையில் குடுத்தா.

"பேசுங்க."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். முதலில் மாமான்னான். அப்புறம் பேச ஆரம்பிச்சான். தீபாவளி ஆடிட்டில் இருந்து ஆரம்பிச்சான். நாங்க தட்டைக் கழுவி, மேடையைத் துடைச்சு, பாயை விரிச்சிட்டோம். அவன் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருந்தான்.